மின்மாற்றிக்குக் கீழே நடப்பதையும் கணக்கில் எடுங்கள்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மின்விநியோகம் எவ்வளவு நம்பகமானது என்பதை அளக்க சைடி, சைஃபி என்று இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. நுகர்வோருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்பதை முதலாவது சொல்லும். எத்தனை முறை போனது என்பதை இரண்டாவது சொல்லும். கணக்கு போடப்படுவது 11 கே.வி. பீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து மின்மாற்றிகளுக்குப் போகும் உயரழுத்த லைனை வைத்து. துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழுந்தால் பதிவாகிறது. அதே பீடரில் ஒரு மின்மாற்றியின் ஃபியூஸ் போய், ஒரு தெரு முழுக்க நான்கு மணி நேரம் இருட்டில் கிடந்தால், பீடர் கணக்கில் அன்று மின்தடையே இல்லை. ஆணையத்தின் கண்காணிப்பு மின்மாற்றிக்கும், அங்கிருந்து வீட்டு மீட்டருக்கும் இறங்கி வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மின்சாரம் இருந்தும் பயன்படாத நிலை இதைவிட மோசம். 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து வீடுகளுக்கு வரும் நீளமான எல்.டி. (தாழ்வழுத்த) லைனின் கடைசி வீட்டில் மாலை நேரத்தில் 180 வோல்ட் வந்தால், மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 61 சதவீதமாகச் சரிந்துவிடும். பம்பு திணறும், கரண்ட்டைக் கூடுதலாக இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். ஃபியூஸ் போகும் அளவுக்கு அந்தக் கரண்ட் ஏறாது. அதனால் புகார் பதிவேட்டிலும் ஒன்றும் ஏறாது. ரீவைண்டிங் செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழும். மின்மாற்றியின் வெளியீட்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி ஏற்றுவது அவசரத்துக்குச் சரி. ஆனால் நள்ளிரவில் லோடு குறைந்ததும் மின்மாற்றிக்குப் பக்கத்து வீடுகளில் வோல்டேஜ் எகிறும். மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரிப்பதும், லைனின் நடுவே இன்னொரு மின்மாற்றி வைப்பதும்தான் உண்மையான தீர்வு. தூரமும் பாதி, கரண்ட்டும் பாதி என்றானால் வோல்டேஜ் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி. அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் இரண்டு உலோகங்களையும் இணைப்பதற்கான பைமெட்டல் கிளாம்ப் இல்லாமல் முறுக்கிவிட்டால், அந்த இணைப்பில் ஈரம் இறங்கி அரிப்பு பிடிக்கும். அரிப்பு சூட்டைக் கூட்டும், சூடு முறுக்கைத் தளர்த்தும், ஒரு நாள் நியூட்ரல் விட்டுப்போகும். அப்போது வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன என்று வையுங்கள். ஒரு வீட்டில் 2,000 வாட் ஹீட்டர், மற்றதில் 500 வாட் அளவுக்கு விளக்கும் டிவியும். ஹீட்டர் வீட்டுக்கு 80 வோல்ட்தான் கிடைக்கும்; டிவி வீட்டுக்கு 320 வோல்ட் பாயும். அந்த வீட்டுப் பொருள்கள் சில நொடிகளில் போய்விடும். பீடர் பதிவேட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. மாலை உச்ச நேரத்தில் மின்மாற்றியின் நியூட்ரலில் கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டர் மாட்டிப் பார்த்து, இணைப்புகளில் எங்கே சூடு என்று தெர்மல் கேமராவில் பார்த்தால் இந்தக் கோளாறை முன்கூட்டியே பிடித்துவிடலாம். கம்பி முனையில் மாட்டும் லக்கைச் சரியான அளவில் அழுத்திப் பிடிக்க (கிரிம்ப் செய்ய) வேண்டும், நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

சில நிமிடங்களுக்குள் மின்சாரம் திரும்பினால் சைடியில் அது சேராது. கோவைப் பக்கத்துப் பட்டறைகளுக்கு 2 விநாடியே போதும்: மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்ச் விடுபடும், கணினியில் இயங்கும் சி.என்.சி. மெஷின் நின்றுவிடும், செதுக்கிக்கொண்டிருந்த பாகம் கழிவாகும். இந்தக் குறுந்தடைகளுக்குத் தனி எண்ணிக்கை வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 57-ஆம் பிரிவு செயல்திறன் தரத்தையும் இழப்பீட்டையும் சொல்கிறது. 59-ஆம் பிரிவு, அந்தச் செயல்திறன் விவரங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியிடச் சொல்கிறது. நுகர்வோர் உரிமை விதிகள் 2020, தொலைவிலிருந்தே கண்காணிக்க முடிந்த குறைபாடுகளுக்கு இழப்பீடு தானாகவே சேர வேண்டும் என்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில், மின்சாரம் போன நேரமும் வோல்டேஜும் மீட்டரிலேயே பதிவாகின்றன. அந்தப் பதிவையே ஆதாரமாக ஏற்று, மனுப் போடச் சொல்லாமல் அடுத்த பில்லிலேயே தொகையைக் கழிக்க உத்தரவிடுங்கள். மீட்டர் மாறாத இடங்களில் மின்மாற்றி மீட்டரின் பதிவை எடுத்துக்கொள்ளலாம். புள்ளிவிவரத்தை மாநிலச் சராசரியாக வெளியிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பிரிவு அலுவலகம் வாரியாக, மின்மாற்றி எண்ணோடு வெளியிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு பிரிவிலும் எந்தெந்த மின்மாற்றியின் நியூட்ரல், எர்த் இணைப்புகள் எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டன, அளவு எவ்வளவு வந்தது என்ற பட்டியலை இந்த ஆண்டே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பகிர்மானப் பொறியாளர்கள், உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள்