ஷார்ஜா ஆஃபர் லெட்டரோடு காத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஷார்ஜா பள்ளி வேலைக்கு வந்ததென்று நீ அனுப்பிய ஆஃபர் லெட்டரைப் படித்துவிட்டேன். கீழே 'சார், போகலாமா?' என்று ஒரே ஒரு வரி. பத்தாம் வகுப்பிலும் நீ இப்படித்தான். கேள்வி இரண்டு வார்த்தையில் இருக்கும், பதில் மட்டும் கரும்பலகை நிறைய வேண்டும். இந்த வருஷம் உன்னோடு சேர்த்து நாலு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். உன் பெயரையும் அந்தப் பள்ளியின் பெயரையும் போடவில்லை, பயப்படாதே.

போகலாம். ஆறு வருஷமாகப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு இயற்பியல் நடத்துகிறாய், அதிலும் மே மாதச் சம்பளம் கிடையாது. உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்த லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதே.

மொத்தம் 3,200 திர்ஹாம் என்றதும் நீ என்ன செய்திருப்பாய் என்று தெரியும். போனை எடுத்து ரூபாயாக்கிப் பார்த்திருப்பாய். எழுபதாயிரத்துக்கு மேல் வரும். நானும் 2011-இல் அதைத்தான் செய்தேன். அந்த எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் பேசிக் 1,300, மீதியெல்லாம் அலவன்ஸ் என்று பிரித்திருக்கிறார்களே, அதைக் கவனித்தாயா? அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கொடுக்கும் கிராஜுவிட்டிக்கு அந்த பேசிக்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷம்வரை வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் பேசிக். நமக்கு அங்கே பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. கடைசியில் கையில் வருவது இது ஒன்றுதான்.

என் கணக்கைச் சொல்கிறேன். முதல் பள்ளியில் ஏழு வருஷம் இருந்தேன். சேர்ந்தபோது 3,000, விடும்போது 4,000. பேசிக் மட்டும் 1,500-ஐத் தாண்டவே இல்லை, ஏறியதெல்லாம் அலவன்ஸில் ஏறியது. ஐந்து வருஷத்துக்கு 105 நாள், இரண்டு வருஷத்துக்கு 60 நாள், ஆக 165 நாள். நாளொன்றுக்கு 50 திர்ஹாம். 8,250 திர்ஹாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் சம்பளத்தில் அறுபது சதவீதமாவது பேசிக்காக இருந்திருந்தால் 13,200 வந்திருக்கும். வித்தியாசம் அன்றைக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய். ஏழு வருஷம் இயற்பியல் நடத்தியவன் இந்த ஐந்தாம் வகுப்புக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்று, உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. மனைவியைக் குடும்ப விசாவில் அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000-மும் பள்ளி தரும் வீடும் வேண்டும். உன் லெட்டரில் வீடு இல்லை, 'ஹவுசிங் அலவன்ஸ்' என்று பணம்தான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நீ மட்டும்தான் போவாய். இதை உன் வீட்டில் சொல்லிவிட்டாயா?

'இன்டர்நேஷனல் ஸ்கூல் சார்' என்று பெருமையாக எழுதியிருந்தாய். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மயங்காதே. 1924-இல் ஜெனீவாவில் லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேசச் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஆரம்பித்தபோது அந்தப் பெயருக்கு ஒரு பொருள் இருந்தது. நம் மாவட்டத்திலேயே, கொடைக்கானலில் 1901-இல் தொடங்கிய பள்ளி இருக்கிறது, டூர் போனபோது கேட் வழியாக எட்டிப் பார்த்தோமே. அங்கே 1976-இலேயே ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்டம் வந்துவிட்டது. இன்றைக்குப் பைபாஸ் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் கட்டுகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதே பெயர்தான். வளைகுடாவிலும் அப்படித்தான். பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, வகுப்பு எந்த மாதம் தொடங்குகிறது என்று கேள். ஏப்ரல் என்றால் இந்தியப் பாடத்திட்டம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க அல்லது ஐபி. ஒரே தெருவில் இரண்டும் இருக்கும், சம்பளம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசப்படும். உன்னுடையது ஏப்ரல் பள்ளி.

ஏப்ரல் பள்ளியைக் கேவலமாகச் சொல்லவில்லை. என்னை ஆளாக்கியது அதுதான். ஆனால் முதலில் எந்த வாசலில் நுழைகிறாயோ அதுதான் அடுத்த பத்து வருஷத்துக்கு உன் விலை. அடுத்த பள்ளிக்காரன் முதலில் கேட்பது பழைய பள்ளியின் சம்பளச் சீட்டைத்தான். 2018-இல் நான் ஒரு பிரிட்டிஷ் பள்ளிக்கு மாறினேன். எச்.ஆர். அம்மா இப்போது என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டார். 4,000 என்றேன். 7,500 தருகிறோம் என்றார். அன்று இரவு துபாய் கராமா சரவண பவனில் நாலு நண்பர்களுக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, பக்கத்து லேபில் அதே வகுப்புக்கு அதே பாடம் நடத்துகிற இங்கிலாந்துக்காரர் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னார். 13,000. வீடு தனி, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு டிக்கெட் தனி. மறைக்காமல் சொன்னதே அவர் நல்ல குணம்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் 'ஓவர்சீஸ் ஹயர்', நான் 'லோக்கல் ஹயர்' என்றார்கள். அமீரகத்துக்குள்ளேயே இருந்து வேலைக்குச் சேர்ந்தவன் உள்ளூர்க்காரனாம். திண்டுக்கல்காரன் எப்படி துபாய்க்கு லோக்கல் ஆனேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எல்லாம் பாஸ்போர்ட் நிறம், தம்பி. விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

அதனால்தான் அவசரப்படாதே என்கிறேன். உனக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு அந்த வயதில் இல்லாதது. இங்கிலாந்தில் ஆசிரியராக வேலை பார்க்கத் தேவையான கியூடிஎஸ் என்ற தகுதிக்கு 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிப்பாடம் நடத்துகிறவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பட்டமும் பிஎட்டும் பள்ளி அனுபவமும் கேட்பார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்து போவதற்காகச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி உலகத்தில் எங்கே இருந்தாலும் முதல் சல்லடையில் தேடுகிற எழுத்துகள் அவை. இயற்பியல் ஆசிரியருக்கு எல்லா ஊரிலும் தட்டுப்பாடு. அந்தக் காகிதம் கையில் இருந்தால் பாஸ்போர்ட் நிறம் மாறாது, பேரம் பேசும் குரலாவது கொஞ்சம் மாறும்.

அந்த ஏஜென்ட் எண்பதாயிரம் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். நம் அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பார். அமீரகத்தில் 2021-இல் வந்த தொழிலாளர் சட்டப்படி வேலைக்கு எடுக்கும் செலவைப் பள்ளி உன்னிடம் வசூலிக்கவே கூடாது. 'முதலில் விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடு. விசிட் விசாவில் வகுப்பெடுப்பது குற்றம். நான் போன காலத்தில் சென்னையில் காட்டிய தாள் ஒன்று, அங்கே இறங்கியதும் நீட்டிய தாள் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. 2016-க்குப் பிறகு அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் நீ இங்கேயே கையெழுத்திட வேண்டும், அங்கே போடும் ஒப்பந்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். நீ அனுப்பியது பள்ளியின் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது. அமைச்சகத்தின் தாளை அனுப்பச் சொல்.

சான்றிதழ் விஷயம் தனிப் புராணம். உன் ஒரிஜினல் டிகிரியும் பிஎட்டும் இப்போது யாரிடம் இருக்கின்றன? உன் கரஸ்பாண்டன்ட் பீரோவில்தானே? சேரும்போதே வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை நம் ஊர்ப் பள்ளிகள் எப்போது விடுமோ. வேலை கிடைத்தது என்று வாயைத் திறப்பதற்கு முன்னால் வேறு காரணம் சொல்லி அவற்றை வாங்கிவிடு. அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் ஆர்டரும் சண்டையில்லாமல் வாங்கு. அப்புறம் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, சென்னையில் உயர்கல்வித் துறை முத்திரை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், போய் இறங்கியபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று ஒவ்வொரு முத்திரையாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் ஸ்டிக்கர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உண்மைத்தன்மைச் சான்றில் ரெகுலரா, தபால்வழியா என்று எழுதியிருப்பார்கள். என் எம்எஸ்சி தபால்வழி. அட்டஸ்டேஷன் என்கிற இந்த முத்திரைகளுக்குச் செலவு எல்லாம் செய்து, கடைசியில் அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். உன் பிஎட் ரெகுலர்தானே?

துபாய்ப் பள்ளி ஏதாவது கூப்பிட்டால், கேஎச்டிஏ என்கிற அவர்கள் கல்வி ஆணையம் இணையத்தில் போட்டிருக்கும் ஆய்வறிக்கைகளைத் தேடிப் படி. 'மிக நன்று', 'நன்று' என்ற மதிப்பெண்ணை விடு, அது பெற்றோருக்கு. பல அறிக்கைகளில் ஒரு வருஷத்தில் எத்தனை சதவீத ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரி போதும்.

வாழ்க்கை எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஷார்ஜா ரோலாவில் ஒரு ஃபிளாட்டில் நாலு வாத்தியார்கள். கோழிக்கோட்டுக்காரர் கணக்கு, தூத்துக்குடிக்காரர் வேதியியல், ஹைதராபாத்காரர் இந்தி. நாலரைக்கு எழுந்தால்தான் பாத்ரூம் கிடைக்கும். ஐந்தே முக்காலுக்கு ஸ்கூல் பஸ், அதில் பிள்ளைகளை எண்ணி ஏற்றும் டியூட்டியும் நமக்குத்தான். ஐந்து செக்‌ஷன் நோட்டு, யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷன். சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, மீனா பஜாரில் மல்லிகைப்பூகூடக் கிடைக்கும். வாட்ஸப்பில் எழுதலாம், பேச முடியாது, தடை. அம்மாவின் போனில் போட்டிம் என்ற செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ.

லீவு இரண்டு மாதம் என்று எல்லோரும் பொறாமைப்படுவார்கள். ஜூலை, ஆகஸ்ட். காலண்டரை எடுத்துப் பார், அது ஆடி மாதம். நீ ஊரில் இருக்கும்போது யார் வீட்டிலும் கல்யாணம் இருக்காது, கிரகப்பிரவேசம் இருக்காது. ஆவணி பிறந்து முதல் பத்திரிகை வீட்டுக்கு வரும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். என் சொந்தத் தங்கை கல்யாணம் தையில், பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு நேரம். மூன்று நாள் லீவு கேட்டேன், ஒரு நாள் கொடுத்தார்கள். ஒரு நாளில் மதுரை வந்து திரும்ப முடியாது. இத்தனை வருஷத்தில் நான் போய்ச் சாப்பிட்ட கல்யாணம் இரண்டே இரண்டு. கிடா வெட்டு மட்டும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டிருக்கிறேன், குலதெய்வம் ஆடியில் கும்பிடுகிற தெய்வமாக இருப்பதால்.

துபாயில் ஆசிரியர்களுக்கு கோல்டன் விசா என்று 2024 அக்டோபரில் வந்த செய்தியை நீ எனக்கு ஃபார்வர்டு செய்திருந்தாய். அது துபாய்க்கு. உன் ஆஃபர் ஷார்ஜாவில்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்தப் பள்ளிக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுது. பேசிக் 2,000-க்குக் குறையாமல் வேண்டும், மொத்தம் 4,000 வேண்டும், கோடை இரண்டு மாதமும் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வேண்டும். இயற்பியலுக்கு மார்ச்சில் ஆள் கிடைக்காமல் அலைவார்கள், அதனால் உடனே கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் கியூடிஎஸ் விண்ணப்பத்தை ஆரம்பி, செப்டம்பர் பள்ளிகளுக்கு முயற்சி செய்யலாம். டெமோ கிளாஸுக்கு நான் ஜூமில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஓம் விதியை நீ எப்படி நடத்துகிறாய் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

லெட்டரின் மூன்றாம் பக்கம் மங்கலாக விழுந்திருக்கிறது, ஏழாவது நிபந்தனையைப் படிக்க முடியவில்லை. மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. ஏஜென்டுக்கு அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் பழைய பிசிக்ஸ் சார்