மைக்கில் சொல்லாமல் விட்ட நன்றி

2017 மே 31. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கடைசி நாள். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். என் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஒரு பையன் வாங்கி வைத்துக்கொண்டான். மைக்கைக் கையில் கொடுத்து "பேசுங்கண்ணே" என்றார்கள். 38 வருஷத்துக்கும் சேர்த்து இரண்டே வரி வந்தது. அதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நன்றி இன்னும் பாக்கி. எழுதித் தீர்த்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்தால், சொல்ல வேண்டிய ஆட்களே மாறிப்போயிருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த பலரை அப்புறம் நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் கடன்பட்டிருக்கிறவர்களில் பாதிப் பேரை அன்றைக்கு எனக்குத் தெரியவே தெரியாது. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அப்புறம் ஜி கார்னர் மைதானத்துப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

(மே 31 என்பதும் என் நிஜமான பிறந்த நாளை வைத்து வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. எங்கள் செட்டில் பாதிப் பேர் மே, ஜூனில்தான் பிறந்தவர்கள். அதனால் அன்றைக்கு மாலைக்கும் தட்டுப்பாடு.)

முதல் நன்றி டீக்கடைக்காரருக்கு. ரிட்டயர் ஆன முதல் மாதங்களில் எனக்கு என்ன நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். குளித்து, ஷேவ் பண்ணி, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்வேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாது. உள்ளே போனால் மனைவி, "இத்தனை வருஷமா காலைல 7 மணிக்கு மேல இந்த வீடு எனக்குச் சொந்தம். இப்ப எந்த ரூமுக்குப் போனாலும் நீங்க நிக்கிறீங்க" என்பாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

அப்படி ஒரு நாள் டீக்கடையில் பித்தளை பாய்லரின் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. "அண்ணே, நீங்க பாய்லர் ஷாப்புதானே, கொஞ்சம் பாருங்க" என்றார். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின் பாய்லருக்கும் டீ பாய்லருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "ரெண்டும் வெந்நிதானேண்ணே" என்றார். வீட்டிலிருந்து கிரைண்டிங் பேஸ்ட் கொண்டு வந்து, குழாயின் கூம்பைக் கழற்றி, அதன் இருக்கையில் வைத்து இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று முக்கால் மணி நேரம் தேய்த்தேன். ஒழுகல் நின்றது. காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, "குழாயை ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்கண்ணே" என்றார். அதற்கு மறுநாளும் அதையே சொன்னார். குழாய்க்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மனுஷனைக் காலை 6 மணிக்கு ஒரு இடத்தில் எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்று வேலையில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. எனக்கே அப்போது புரியவில்லை.

இரண்டாவது நன்றியைச் சொல்வதற்கு முன்னால் என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஃபிட்டர். ஆரம்பத்தில் பல வருஷம் பாய்லர் ஷாப், அப்புறம் வேகன். ரிவெட் அடிக்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். பஞ்சு வைத்துக்கொள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இளவட்டத் திமிர், வைக்கவில்லை. சத்தத்தில் போகும் காது ஒரே நாளில் போவதில்லை. வருஷக்கணக்கில் ஒவ்வொரு எழுத்தாகத் திருட்டுப்போகிறது, திருட்டுப்போவது தெரிவதும் இல்லை. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே நான் பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருந்திருக்கிறேன். அது வெளிச்சத்துக்கு வந்தது 2020-இல். கொரோனாவுக்கு எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள், ஊரே எனக்கு ஊமையாகிவிட்டது.

முகக்கவசம் போன பிறகும் நான் திரும்பி வரவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். மகள் போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்மா, அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவேன். டீக்கடையில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல். இரண்டு தடவை சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் டீக்கடையும் நின்றது. 'வயசாச்சு, கோபக்காரர், யார்கிட்டயும் ஒட்ட மாட்டார்' என்று பேர் வந்தது. கோபக்காரன் என்ற பேர் செவிடன் என்ற பேரை விடக் கௌரவமாக இருந்ததால், நானும் மறுக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பெண். 2021 ஆகஸ்டில் அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது, நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தவன் நான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் கட்டிவிட்டு அந்தப் பெண் என்னவோ கேட்டாள். "அவர் ஊர்ல இல்லம்மா, அடுத்த வாரம் வருவார்" என்று பதில் சொன்னேன். அவள் திகைத்தாள். என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டது "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று. என் காதில் விழுந்தது "மாப்பிள்ளை" மட்டும்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் பின்னால் போய் நின்றுகொண்டு மெதுவாக எதையோ சொன்னாள். நான் திரும்பவே இல்லை. மறுபடி முன்னால் வந்து, "அப்பா, உங்களுக்குக் கோபம் எல்லாம் இல்ல. காது கேக்கல, அவ்வளவுதான்" என்றாள். அம்மா, உனக்கு இந்தக் கடிதத்தில் ஒரு வரி போதாது. அடுத்த மாதம் வந்தபோது "காது பார்த்தாச்சா?" என்று கேட்டாய். அதற்கடுத்த மாதமும் கேட்டாய். நீ விட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

போனேன், ஆனால் முதலில் தப்பான இடத்துக்கு. ஒரு கடை, பெயர் வேண்டாம். ஐந்து நிமிஷம் சோதனை, ஒரு பெரிய தொகை, காதில் ஒரு மெஷின். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் தட்டைக் கழுவும் சத்தம் மண்டைக்குள் ரிவெட் அடித்தது. மின்விசிறி இரைச்சல், செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் எல்லாம் கேட்டது, மனைவி பேச்சு மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மெஷின் பீரோவுக்குள் போனது. ஏழு மாதம் அங்கேயே இருந்தது. எத்தனை வீட்டுப் பீரோவில் இப்படி எத்தனை மெஷின் தூங்குகிறதோ.

மூன்றாவது நன்றி, அதை வெளியே எடுக்க வைத்த, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் பெண்ணுக்கு. என் மகளைவிடச் சின்னவள். சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கோடு இடது ஓரத்தில் ஒழுங்காகப் போய், வலது பக்கம் மலைக்கோட்டை உச்சியிலிருந்து உருண்டு விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. அப்போது அவள் சொன்னதை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "உங்களுக்கு உயிரெழுத்து எல்லாம் கேக்குது. ம, ந மாதிரி மெல்லினமும் ஓரளவு தப்பிச்சிருச்சு. வல்லினம்தான் போயிருக்கு. அதனாலதான் யாரோ பேசுறாங்கன்னு தெரியுது, என்ன பேசுறாங்கன்னு தெரியல." மாத்திரை ஏன் மாப்பிள்ளை ஆனது என்று அந்த நிமிஷம் புரிந்தது. உள்காதில் செத்துப்போன நுண்மயிர் செல்கள் திரும்ப முளைக்காது என்றும் மறைக்காமல் சொன்னாள். வலது காது கூடுதலாகப் போயிருந்தது, இடது கொஞ்சம் பரவாயில்லை.

புது மெஷின் விற்கப்போகிறாள் என்று சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ, "மெஷின்ல குறை இல்லப்பா, உங்க காதுக்கு அளவெடுக்காம தச்ச சட்டை இது" என்று சொல்லி, அதையே கம்ப்யூட்டரில் இணைத்து மாற்றிக் கொடுத்தாள். முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, அதற்கப்புறம்தான் தெரு, கடைசியாகக் கல்யாண மண்டபம். இத்தனை வருஷம் சத்தம் மறந்த மூளை திரும்பப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்றாள். ஆனது.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். என்னுடையது 312 என்ற அளவு, பழுப்பு நிற ஸ்டிக்கர் ஒட்டியது. அது காற்றில் இயங்கும் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்தால் உடனே மாட்டக் கூடாது, ஒரு நிமிஷம் காற்றுப்பட வைக்க வேண்டும். உரித்தபின் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தீர ஆரம்பித்துவிடும். இது தெரியாமல் என் பேத்தி ஆறு பேட்டரி ஸ்டிக்கரையும் உரித்து அவள் நோட்டில் வரிசையாக ஒட்டிவைத்தாள். அவளுக்கும் நன்றி, நோட்டு அழகாக இருந்தது.

மகள் ஒரு நாள் போனில் ஒரு செய்தி படித்துக் காட்டினாள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல், மறதி நோய்க்கு வழிவகுக்கிற, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியிருக்கிறது. அதில் காது கேளாமையும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது, உடம்பை அசைக்காமல் இருப்பதும் இருக்கிறது. எனக்கு ஒன்று போனதால் மற்ற இரண்டும் சேர்ந்து வந்திருந்தன. இந்தச் செய்தி முழுவதையும் நான் போனிலேயே கேட்டேன். அம்மாவிடம் கைமாற்றவில்லை.

நாலாவது நன்றி ஜி கார்னர் மைதானத்தில் என்னோடு நடக்கும் கோஷ்டிக்கு, முக்கியமாக அந்த ரிட்டயர்டு பி.டி. மாஸ்டருக்கு. நான் நடந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து, கையை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். 9. "உம்ம வயசுக்கு 12-க்குக் கீழ வரக் கூடாதய்யா. பாத்ரூம்ல விழுறது வழுக்கி மட்டும் இல்ல, தொடையில பலம் இல்லாமலும்தான்" என்றார். இப்போது 14 வருகிறது. 14-ஆவது கொஞ்சம் ஏமாற்று, அவருக்கும் தெரியும், எண்ணிவிடுகிறார். நடையின்போது அந்தக் கோஷ்டி அடிக்கும் ஜோக்குகளைப் பற்றி ஒன்று: அவை கேட்காமல் இருந்தபோது இன்னும் நன்றாக இருந்தன.

அடுத்து, எதிர்வீட்டுப் பையன். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு. ஒரு நாள் இரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "தாத்தா, எத்தனை தடவை ராவினாலும் நடுவுல மேடாவே வருது" என்றான். அவன் கையைப் பார்த்தாலே காரணம் தெரிந்தது. ஃபைல் என்கிற அரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டினான். காலை அகட்டி நிற்கவைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டவைத்து, தோளிலிருந்து தள்ளச் சொன்னேன். பிறகு மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். அடியில் வெளிச்சம் முடி மாதிரி கசிந்தால் அங்கே பள்ளம், கசியாத இடம் மேடு. மூன்றாவது சனிக்கிழமை கசிவே இல்லை. அவன் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்போது சனிக்கிழமை நாலு மணிக்கு நாலு பேர் வருகிறார்கள். ஃபைல் பல்லில் துகள் அடைத்தால் ஒரு கீச்சுச் சத்தம் வரும். மெஷின் இல்லாமல் எனக்கு அது கேட்காது. இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே "டேய், பிரஷ் போடு" என்கிறேன். பையன்கள் நான் பெரிய மந்திரவாதி என்று நினைக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

போஸ்ட்மேன் தம்பிக்கு. பென்ஷன் தொடர, ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். இரும்பு பிடித்த விரலில் ரேகை தேய்ந்துவிட்டதால் கருவி என்னை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் வரிசையில் நின்று பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இந்தத் தம்பி வீட்டுக்கே வந்து, 70 ரூபாய் கட்டணத்தில், போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லி வேலையை முடித்துவிட்டார். 38 வருஷ உழைப்புக்குச் சாட்சியாக ஒரு சிமிட்டல்.

கடைசியாக என் மனைவிக்கு. காது கேட்காத ஆளுடன் வாழ்கிறவர்கள் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை குரல் உயரும். உயர்ந்த குரல் மட்டும் என் காதில் விழும். "ஏன் கத்துறே?" என்பேன். பல வருஷமாக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான். மெஷின் பழகிய பிறகு ஒரு நாள் மத்தியானம் அவள் அரிசி களைந்துகொண்டே ஏதோ முணுமுணுத்தாள். "என்னது?" என்று கூடத்திலிருந்து கேட்டேன். கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது, பழைய பாட்டு. அவள் வேலை செய்யும்போது பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது நான் கூடத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே பாடுகிறாள்.

யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து திட்டிவிடுங்கள். காலை 6 மணிக்கு டீக்கடையில் இருப்பேன். இடது பக்கமாக நின்று திட்டுங்கள், அந்தக் காதுதான் நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
பாய்லர் ஷாப் பழைய ஃபிட்டர்,
பொன்மலை, திருச்சி