முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி சர்க்கரைக்காரருக்கு ஏற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழுடன் வந்த சிறுதானியச் சமையல் இணைப்பில், சர்க்கரை நோயாளிகளின் காலை உணவாக முளைகட்டிய கேழ்வரகு மாவுக் கஞ்சியைப் பரிந்துரைத்திருந்தீர்கள். ஆளுக்கு அரைக் கப் மாவு, இனிப்புக்கு ஒரு துண்டு கருப்பட்டி. இதைப் படித்துவிட்டு மறுநாளே அடுப்பில் வைக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்: சர்க்கரைக்காரர்கள் இந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றக் கூடாது.

கேழ்வரகு நல்ல தானியம்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம். வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனால் மாவுச்சத்தைப் பாருங்கள்: அரிசியில் 78 கிராம், கேழ்வரகில் 67. கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொண்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அரைக் கப் மாவு சுமார் 60 கிராம் இருக்கும். அதில் மாவுச்சத்து மட்டும் 40 கிராம். 25 கிராம் கருப்பட்டியும் சேர்ந்தால் மொத்தம் 60-ஐத் தாண்டுகிறது. நடுத்தர அளவு இட்லி ஐந்து சாப்பிட்ட கணக்கு. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் முளைகட்டுவதில் இருக்கிறது. தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகுகிறது. மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுவது அதன் வேலை. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்திருப்பதும், எதுவும் சேர்க்காமலே லேசாக இனிப்பதும் இதனால்தான். கைக்குழந்தைக்கு இது அருமையான உணவு. சின்ன வயிற்றுக்கு எளிதில் செரிக்கும் சக்தி நிறையக் கிடைக்கிறது. அந்த எளிதில் செரிக்கும் குணமே சர்க்கரைக்காரருக்கு எதிரி. நைசாக அரைத்த மாவு, தண்ணீரில் நன்றாக வெந்து கூழான மாவுச்சத்து, மென்று தின்ன ஒன்றுமில்லை. குடித்த வேகத்தில் ரத்தத்தில் ஏறும்.

அதே கேழ்வரகைக் கீரை அடையாகத் தட்டினால் கதை மாறும். இரண்டு பேருக்கு முளைகட்டாத கேழ்வரகு மாவு 80 கிராம், ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த பாசிப்பருப்பு 20 கிராம், முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு. முதலில் வெங்காயம், கீரை, உப்பு மூன்றையும் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதன்பிறகு பருப்பையும் மாவையும் சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். கேழ்வரகில் கோதுமை போல ஒட்டும் பசை கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். தடிமனாகத் தட்டினால் நடுவில் வேகாது. நான்கு அடைகளாகத் தட்டி, மிதமான தீயில் மூடி வேகவிட்டுத் திருப்புங்கள்; ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஆளுக்கு இரண்டு அடை என்றால் மாவுச்சத்து ஏறக்குறைய 35 கிராம். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னியோ, கூடவே ஒரு அவித்த முட்டையோ இருக்கட்டும். பொட்டுக்கடலையைக் கொட்டிக் கெட்டியாக்கிய சட்னி வேண்டாம், அதுவும் மாவுக் கணக்கில் சேரும்.

சாமை, வரகு, தினை வாங்கும்போது வெள்ளை வெளேரென்று பளபளப்பதை விட்டுவிட்டு, மங்கலாக இருப்பதை எடுங்கள். பட்டை தீட்டத் தீட்டத் தவிடு போய்விடும். அரிசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. ஆளுக்கு 40 கிராம் எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீரில் உதிரியாக வடியுங்கள். குழைய விட்டால் மறுபடியும் கஞ்சிதான். மதியத் தட்டில் பாதி காய், கால் பாகம் பருப்பு, சுண்டல் அல்லது மீன், மிச்சக் கால்தான் சோறு. நம் இலையில் இது தலைகீழாக இருக்கிறது. பொரியல் மேல் ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் விழுகிறது. உருளை, மரவள்ளி, சேனை ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது குறையும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் பருப்பு, கீரை அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எது ஒத்துக்கொள்கிறது என்பதை வீட்டு மீட்டரிலேயே பார்த்துவிடலாம். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. பெரும்பாலோருக்கு இரண்டாவது எண் 180-க்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால் அந்த உணவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த முறை தானியத்தில் கால் பங்கைக் குறைத்து, காயைக் கூட்டி, மறுபடி பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை இல்லாமல் இதை முடிக்க முடியாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளைகிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் சரி செய்துகொண்டுதான் குறைக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாகக் கைகொடுக்காது, அந்த மருந்து அதை உடைய விடாமல் தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும்.

தங்கள் இதழை நம்பிச் சமைப்பவர்கள் ஏராளம். இனி வரும் குறிப்புகளில் "நீரிழிவுக்கு நல்லது" என்ற வரிக்குப் பதிலாக, ஆளுக்கு எத்தனை கிராம் தானியம், எத்தனை கிராம் மாவுச்சத்து என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கஞ்சிக் குறிப்புக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர், மதுரை