வைட்டமின் மாத்திரையை விடு, நடையை விடாதே

திருவையாறு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே குறுவை நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது.

சர்க்கரைக்காகத் தினமும் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் உடற்பயிற்சி 'ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை'க் கூட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கடையில் நீயே வாங்கி விழுங்குகிறாயாமே. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொன்னவர் சொன்னது பாதி உண்மை. தசை வேலை செய்யும்போது ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள், கூடத்தான் செய்யும். அவை மிஞ்சிப்போவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்; அவற்றை அடக்கத்தான் வைட்டமின் சியும் ஈயும். களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் அவை இரண்டு மூன்று மடங்கு கூடியதை 1982லேயே கண்டார்கள். மீதிப் பாதியைத்தான் அவர் சொல்லவில்லை. அளவாக, விடாமல் செய்யும் பயிற்சியில் எழும் அந்தச் சிறு அழுத்தமே உடலைத் தட்டி எழுப்புகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற காப்பு நொதிகளை உடல் தானே கூடுதலாக உண்டாக்குகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்த்த நெல் வேரை ஆழமாக விடுவதை நீ பார்த்தவன்தானே.

2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிட்டவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் சர்க்கரைக்காகவே நடக்கிற நீ, அந்தப் பலனைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்? நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடு. டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு அடையாளம். நீ கரகரப்ரியாவை இழுத்துக்கொண்டே நடப்பவன். இன்னும் கொஞ்சம் எட்டிப் போடு. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஓடி ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. பழக்கமில்லாத உடலை அப்படிப் பிழிவதில்தான் கெடுதல் அதிகம்.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்