சாம்பல் பூக்கும் புகைப்படத் தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இருட்டறையில் அச்சிடும் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரம் வெண்மையாக இல்லாமல் சாம்பல் பூத்து வந்தால், உடனே பாதுகாப்பு விளக்கை, அதாவது தாளைப் பாதிக்காது என்று இருட்டறையில் எரியவிடும் மங்கிய வண்ண விளக்கை, பழிப்பது பலருடைய வழக்கம். பல நேரங்களில் குற்றவாளி பழைய தாளே. ஒளி படாத ஒரு துண்டை முழு இருட்டில் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) இட்டு எடுத்து ஹைப்போவில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) நிலைப்படுத்தி, டெவலப்பரையே காணாமல் நேராக ஹைப்போவில் இட்ட இன்னொரு துண்டோடு ஒப்பிட்டால், முதல் துண்டு மங்கியிருக்கும் நிலையில் விளக்கின் மீது ஐயம் கொள்ளத் தேவையில்லை. அத்தகைய தாளுக்கு டெவலப்பரில் சாம்பல் பூப்பதை அடக்கும் வேதிப்பொருளான பென்சோட்ரையசோலைச் சிறிதளவு சேர்ப்பது ஓரளவு உதவும். அதனால் தாளின் வேகம் (ஒளியை உணரும் திறன்) குறைவதால் ஒளியூட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

விளக்கைச் சோதிப்போர் வெற்றுத் தாளில் நாணயத்தை வைத்து, விளக்கொளியில் விட்டு, அதன் தடம் விழுகிறதா என்று பார்ப்பது போதாது. இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு முன்பே ஒளியூட்டிய தாளில்தான் விளக்கின் மெல்லிய ஒளிக்கசிவும் தெரியும். பச்சை ஒளியையும் உணரும் மல்டிகிரேடு தாளுக்கு (கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் அளவை மாற்றி அச்சிடத்தக்க தாள்) பழைய மஞ்சள் விளக்கு ஆகாது.

இப்படிக்கு,
இருட்டறைப் பழக்கமுள்ள ஒரு வாசகர்