காலை நகரப் பேருந்தின் நேரத்தை மாற்றித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உரிய நேரத்தில் பள்ளி வந்து சேர வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஏரிக்கு அப்பாலுள்ள இரண்டு குடியிருப்புகளின் பிள்ளைகள் நாள்தோறும் தாமதமாகப் பள்ளிக்கு வருவது – காலை உணவையும் முதல் பாடவேளையையும் இழப்பது – நிறுத்தப்பட்ட காலை 8.05 மணிப் பேருந்து நடையை மீண்டும் இயக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் 46 பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள் பணிபுரிகிறார்கள். பிள்ளைகளில் 19 பேர் ஏரிக்கரைக்கு அப்பால் நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். அங்கே பள்ளி இல்லை. வரும் வழியோ கல்குவாரி லாரிகள் ஓயாமல் ஓடும் ஒற்றைச் சாலை என்பதால், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை அதில் நடத்தி அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே அவர்களுக்கு இருக்கும் ஒரே துணை நகரப் பேருந்துதான்.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக்கு முன்பு வரை அந்தக் குடியிருப்புகளிலிருந்து காலை 6.30, 8.05, 9.15 என மூன்று நடைகள் இருந்தன. ஊரடங்கின்போது நிறுத்தப்பட்ட 8.05 மணி நடை, பள்ளிகள் திறந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் திரும்ப இயக்கப்படவில்லை. 6.30 மணிப் பேருந்தில் ஏறினால் பூட்டிய பள்ளியின் வாசலில் பிள்ளைகள் தனியே நிற்க வேண்டும், 9.15 மணிப் பேருந்தில் ஏறினால் எங்கள் நிறுத்தத்துக்கு வரவே 9.45 ஆகிவிடுகிறது. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து பள்ளிக்குள் நுழையும்போது, 9.10 மணிக்குத் தொடங்கிய இறைவணக்கமும் முடிந்து, 9.20 மணிக்குத் தொடங்கிய முதல் பாடவேளையும் முடியும் தறுவாயில் இருக்கும்.

இந்தத் தாமதத்தால் பிள்ளைகள் முதலில் இழப்பது காலை உணவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர் விடியும் முன்பே அடுப்பு மூட்டி, 8.15 மணிக்கெல்லாம் பொங்கலையும் கிச்சடியையும் சூடாகப் பரிமாறத் தயாராகிவிடுகிறார்கள். 8.50 மணிக்குப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த 19 பிள்ளைகள் வரும்போது அடுப்படி துடைத்துவிடப்பட்டிருக்கும். அவர்களுடைய பெற்றோர் கரும்பு வெட்டுக்கும் கூலி வேலைக்கும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவதால், வீட்டில் பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மதியச் சத்துணவுதான் அவர்களில் பலருக்கு அன்றைய முதல் உணவு. யாருடைய பசியை எண்ணி அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்ததோ, அந்தப் பிள்ளைகளே பேருந்து நேரத்தால் அதை இழந்து நிற்பதைத் தினமும் கண்ணால் பார்க்கும் எங்களுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

அடுத்தது படிப்பு. நாளொன்றுக்கு 35 நிமிடம் என்பது சிறிதாகத் தோன்றலாம். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. 200 நாட்களுக்கு 35 நிமிடம் என்று கணக்கிட்டால் 116 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதாவது சட்டம் உறுதியளித்த நேரத்தில் ஏழில் ஒரு பங்கு பேருந்து நிறுத்தத்திலேயே கழிந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் முதல் பாடவேளை தமிழ் வாசிப்பு. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். வயது ஏறியும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகள் யார் யார் என்று ஆசிரியரிடம் கேட்டால், அவர் சொல்லும் பெயர்களில் பெரும்பாலானவை ஏரிக்கு அப்பாலுள்ள பிள்ளைகளுடையவையே. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அந்த வகுப்பில் உட்கார அவர்களுக்கு வாய்க்கவே இல்லை.

ஐயா, தாமதம் தாமதத்தோடு நிற்பதில்லை என்பதைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். கடந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாங்கள் ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் வந்து சேர்ந்த நேரத்தை எழுதிவந்தோம். அந்த மூன்று மாதங்களில் 9.15 மணிப் பேருந்து ஆறு நாட்கள் வரவே இல்லை. அந்த ஆறு நாட்களும் 19 பேரில் ஒருவர்கூடப் பள்ளிக்கு வரவில்லை. மற்ற நாட்களிலும், வாரத்தின் பிற்பகுதியில் வருகை குறைந்துகொண்டே போவதைக் குறிப்பேடு காட்டுகிறது. காரணத்தை அறிய நாங்கள் வீடு வீடாகச் சென்றோம். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் உள்ளே நுழைய வெட்கமாக இருப்பதால் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொள்வதாக அதன் பாட்டி சொன்னார். ஆசிரியர் ஒருநாளும் அக்குழந்தையைக் கடிந்துகொண்டதில்லை. ஆயினும் நாள்தோறும் பிந்தி வருவதே அந்தச் சின்ன மனதுக்குத் தண்டனையாகிவிட்டது. இப்படித்தான் தாமதம் விடுப்பாகிறது. விடுப்பு நீண்டு, தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் புறப்படும் பெற்றோரோடு பிள்ளையும் போய்விடும் நிலை வருகிறது.

எங்களால் இயன்றதை நாங்கள் செய்யாமல் இல்லை. மாதந்தோறும் பெற்றோரை அழைத்துப் பேசுகிறோம். தலைமையாசிரியர் தம் இருசக்கர வாகனத்தில் பலமுறை சென்று, இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறார்; அது பாதுகாப்பும் இல்லை, நாள்தோறும் நடக்கக்கூடியதும் இல்லை. நேரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதக் கடைசியில் பென்சிலும் நோட்டும் பரிசாகக் கொடுத்துப் பார்த்தோம். ஐந்து மணிக்கே எழுந்து, தம்பியையும் குளிப்பாட்டிக் கிளப்பி, பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தனக்கு அந்தப் பரிசு எந்நாளும் கிடைக்காது என்று அழுததைப் பார்த்த பிறகு, பரிசு கொடுப்பதை நிறுத்திவிட்டோம். அவனுடைய முயற்சிக்கு நாங்கள் இழைத்த அநீதி அது என்றே இன்று எண்ணுகிறோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கட்டாயக் கல்வி என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, பிள்ளையின் சேர்க்கையை மட்டுமல்லாமல் வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதி செய்வது அரசின் கடமை என்கிறது. தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பிள்ளைகளுக்கு அது நான்கு கிலோமீட்டர். 21ஆம் பிரிவின்படி பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு இருப்பதால், குறையைக் கண்டறிந்து, தீர்மானம் நிறைவேற்றித் தங்கள் முன் வைக்கிறோம்.

ஆகவே, நிறுத்தப்பட்ட காலை 8.05 மணி நடையை மீண்டும் இயக்கும்படி போக்குவரத்துக் கழகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. கூடுதல் பேருந்தோ பணியாளரோ ஒதுக்க இயலாத நிலை இருக்குமானால், 9.15 மணி நடையையே காலை 8.05 மணிக்கு மாற்றினாலும் போதும். அந்தப் பேருந்தில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வோரிடம் நாங்களே கேட்டோம், அவர்கள் யாரும் மறுக்கவில்லை. பேருந்து கிடைக்கும் வரை, தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் போக்குவரத்து மற்றும் பாதுகாவலர் வசதியை இந்த 19 பிள்ளைகளுக்கும் வழங்கக் கல்வித் துறைக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

அதுவரையில், பேருந்தால் பிந்தி வரும் பிள்ளைகளுக்குரிய காலை உணவை மூடி வைத்திருந்து, வந்தவுடன் பரிமாற எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். சமைக்கும் பெண்கள் காத்திருந்து பரிமாற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதியில் இடமிருக்கிறதா என்ற தயக்கம்தான் தடையாக உள்ளது. அதேபோல், முதல் பாடவேளையிலேயே கைபேசிச் செயலியில் வருகை பதியப்படுவதால், அதன் பின் வந்து சேரும் பிள்ளை நாள் முழுதும் வகுப்பில் இருந்தும் காலையில் வராதவராகவே கணக்கில் நிற்கிறது. இக்குடியிருப்புப் பிள்ளைகளின் வருகையை 10 மணி வரை பதியத் தலைமையாசிரியருக்கு அறிவுறுத்தல் வழங்கினால், பதிவும் உண்மையும் ஒத்திருக்கும். குறைந்த வருகைக்காக அவர் விளக்கம் அளிக்க வேண்டிய நிலையும் நீங்கும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளுக்குள் பேருந்து நேரம் குறித்தாவது ஒரு முடிவு கிடைத்தால், வடகிழக்குப் பருவமழை வலுத்து ஏரிக்கரைச் சாலை சேறாவதற்கு முன்பே பிள்ளைகளின் பயணம் சீராகிவிடும். குழுவின் தீர்மான நகலையும், மூன்று மாத வருகை நேரக் குறிப்பேட்டின் நகலையும், இரு குடியிருப்புப் பெற்றோரின் கையொப்பங்களையும் இம்மனுவுடன் இணைத்துள்ளோம். விசாரணைக்கு அலுவலர் எவரேனும் வருவதானால், ஒரு வேலைநாளில் காலை 9 மணிக்கு அந்தக் குடியிருப்பின் நிறுத்தத்துக்கே வந்து, பிள்ளைகளோடு அதே பேருந்தில் பள்ளி வரை பயணம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். நாங்களும் அங்கே காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.