குதிக்காத ஃபுட்டுக்கு மெஷின் என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கட்டிங் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்து விற்கும் பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். அவிநாசிப் பக்கம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்த உரிமையில், கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கொடி ஓடுவதுபோல வளைத்து வளைத்துத் தைப்பதற்கு ஒரு ஃப்ரீ மோஷன் ஃபுட் (ஊசியோடு சேர்ந்து குதித்து, துணியை எந்தப் பக்கமும் கையால் நகர்த்தவிடும் மெஷின் பாதம்) வாங்கி மாட்டினால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஆனால் அந்த ஃபுட்டை வாங்கி மாட்டியவர்களில் பலர், மெஷின் கெட்டுவிட்டது என்று முதல் நாளே முடிவுகட்டி மெக்கானிக்கைத் தேடிப் போவதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

எனக்கும் அது நேர்ந்தது. பேத்திக்குப் போர்வை தைப்பதற்காகக் கடையில் அந்த ஃபுட்டை வாங்கி, வீட்டிலிருந்த கறுப்பு மெஷினில் மாட்டினேன். மிதித்ததும் தடதடவென்று சத்தம் வந்தது. துணி நகர மறுத்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் ஊசி வளைந்து தையல் விட்டுப்போனது. வந்த மெக்கானிக் அடியிலிருக்கும் ஷட்டிலைக் கழற்றி மாட்டினார், நூலை இறுக்கும் டென்ஷன் ஸ்பிரிங்கை மாற்றினார், கூலி வாங்கிக்கொண்டு போனார். குறை மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் பெடலைத் தொடாமல், கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டு ஊசியையே உற்றுப் பார்த்தேன். ஃபுட்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கம்பி, ஊசியை இறுக்கிப் பிடிக்கும் திருகின் மேலே இருக்க வேண்டியது, கீழே கிடந்தது. ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் அந்தத் திருகு கம்பியின் தலையில் இடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஃபுட்டின் உயிரே அந்தக் கம்பிதான். ஊசி மேலே ஏறும்போது திருகு கம்பியைத் தூக்கும், அதோடு ஃபுட்டும் எழும்பும், அந்த இடைவெளியில் நாம் துணியை வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். ஊசி இறங்கும்போது ஃபுட்டின் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளித் துணியைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிப்பு ஏன் தேவை என்பதை மாணவிகளுக்கு நான் ஊசியைக் கையால் இறக்கிக் காட்டியே விளக்குவேன். ஊசி அடிவரை போய்ச் சற்றே மேலே திரும்பும் அந்தக் கணத்தில்தான் அதன் முதுகுப்பக்கம் நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது; ஷட்டிலின் கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல் விழும். அந்த நேரத்தில் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பினால் வளையம் உருவாகாது, கொக்கி வெறுங்கையோடு திரும்பிவிடும். தையல் விட்டுப்போகும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஊசி அடியில் இருக்கும்போது ஃபுட் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, அல்லது அந்தரத்தில் தொங்குகிறதா?

அந்தரத்தில் தொங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபுட்டை மாட்டும் தண்டின் உயரம் எல்லா மெஷினிலும் ஒன்றல்ல. ஃபுட்டைத் தூக்கி இறக்கும் லீவரை இறக்கிவைத்து, ஃபுட்டின் அடியிலிருந்து அதை மாட்டும் திருகு வரை அளந்தால், வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் இருக்கும். உயரத் தண்டு கொண்டவற்றில், அதாவது பல பவர் மெஷின்களில், ஒன்றேகால் அங்குலம் இருக்கும். பனியன் கம்பெனியிலிருந்து பழைய பவர் மெஷின் வாங்கிய என் மாணவி ஒருவருக்குக் கடையில் வீட்டு மெஷின் ஃபுட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது துணிக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது. ஒரு வாரம் ஊசியை மாற்றியும் நூலை மாற்றியும் பார்த்துக் கண்கலங்கி வந்தார். அளவுகோலை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடியில் நூல் குருவிக்கூடுபோலச் சுருண்டால், உடனே அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் சிறு திருகை முறுக்குவது நம்மவர்களின் வழக்கம். தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். அடிப்பக்கம் வளையம் விழுகிறது என்றால் மேல்நூலில் இறுக்கம் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். இந்த ஃபுட் இறக்கிய பிறகும் மேலே எழும்பியே தெரிவதால், பின்னாலிருக்கும் அந்த லீவரை இறக்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். லீவர் மேலே இருக்கும்வரை மேல்நூலை அழுத்தும் டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும், நூலை எதுவும் பிடிக்காது.

துணியை அடியிலிருந்து தானே இழுத்துச் செல்லும் பல்லைக் கீழே இறக்கும் வசதி இல்லாத பழைய மெஷினில் தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்தாலே ஓரளவு வேலை நடக்கும். எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: திருப்பூர் கட்டிங் துணிகளில் பெரும்பகுதி பனியன் துணி. அது இழுபடும் துணி என்பதால் சாதாரண ஊசியில் தையல் விடும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போட வேண்டும். நெய்த பருத்தித் துணிப் போர்வைக்கு 14-ஆம் எண் ஊசி பொருந்தும். அதைவிட மெல்லிய 11-ஆம் எண் ஊசி அந்தக் கனத்தில் வளைந்து, ஊசித் துளையுள்ள அடித்தட்டில் மோதி முறியக்கூடும். மோதிய ஊசி, தட்டின் துளையோரத்தில் பிசிறு விட்டுவிட்டால் அதன்பின் எந்த ஊசி போட்டாலும் நூல் அறும். நகத்தால் தடவிப் பார்த்தாலே அது தட்டுப்படும். வளைவுகளில் கையை வெடுக்கென்று இழுக்காமல், காலின் வேகத்துக்கு இணையாகக் கையை நகர்த்துவதற்கு மட்டும் பழக்கம் வேண்டும். அது நாள்பட வரும்.

தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷின் பெற்று, அதை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஒருநாள் வேலை நின்று, மெக்கானிக் கூலியும் சேர்ந்தால் அவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆகவே ஃபுட் விற்பவர்கள் அது எந்தத் தண்டு உயரத்துக்குப் பொருந்தும் என்பதை உறையின் மேலேயே அச்சிட வேண்டும். கம்பி எங்கே உட்கார வேண்டும் என்பதைப் படத்தோடு தமிழில் ஒரு துண்டுச் சீட்டாக உள்ளே வைக்க வேண்டும். பயிற்சி நிலையங்களும் இதை ஒருநாள் பாடமாகச் சேர்க்கலாம். அதுவரை, ஊசித் திருகின் மேல் கம்பி உட்கார்ந்திருக்கும் நிலையைக் காட்டும் ஒரு கோட்டுப்படத்தைத் தங்கள் பெண்கள் பகுதியில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமானால் படத்தை நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
அவிநாசி.